ஷிப்ட் முடிந்தால் எங்கே போவது?

திருப்பூரைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் ஒரு கணக்கு வரும். வருஷத்துக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து. தொழில் அமைப்புகள் சொல்கிறபடி சுமார் 6 லட்சம் பேருக்கு நேரடி வேலை, அதில் 2 லட்சத்துக்கு மேல் வெளிமாநிலத்தவர். மேடையில் அமைச்சர் பேசினாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசினாலும் சரி, இந்தக் கணக்கு தப்பாமல் வந்துவிடும்.

இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்த 6 லட்சம் பேரும் ஷிப்ட் முடிந்ததும் எங்கே போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே உட்காருகிறார்கள்? "எங்கீங்க போறது, ரூமுக்குத்தான்" என்பார்கள். அந்த ரூம் பெரும்பாலும் லைன் வீட்டில் ஒரு அறை. நாலைந்து பேர் படுக்க இடம், ஒரு கேஸ் அடுப்பு, கொடியில் காயும் துணி. ஞாயிற்றுக்கிழமை அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. அதனால்தான் அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும், குமரன் நினைவு மண்டபத்தின் ஓரத்திலும், காதர்பேட்டைக் கடைத்தெருவிலும் அவ்வளவு கூட்டம். வாங்குவதற்கு வந்தவர்களைவிட நிற்பதற்கு இடம் தேடி வந்தவர்கள் அதிகம்.

உழைக்கிறவர்களின் ஓய்வு நேரத்துக்கு ஒரு கூரையும் ஒரு திண்ணையும் கட்டித் தராத ஊர், அவர்களை மனுஷராகக் கணக்கில் எடுக்கவில்லை. வெறும் கைகளாகத்தான் எடுத்திருக்கிறது. இதற்குக் காரணம் பணமில்லாமை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இது ஒரு முடிவு. யாரோ எடுத்த முடிவு, மற்றவர்கள் தலையாட்டி ஏற்றுக்கொண்ட முடிவு. வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் என்பதற்குச் சாட்சி வெகு தூரத்தில் இல்லை. நம் ஊர் வழியாகப் போகிற அதே தண்டவாளத்தில், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

1. தண்டவாளம் கட்டிய ஊர்

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போன ரயில் பாதை 1862இல் முழுமையடைந்தது. சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் என்று கொங்கு நாட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போன பாதை அது. திருப்பூர் அதில் வழியிலிருந்த ஒரு ஸ்டேஷன். பருத்தி மூட்டை ஏறுகிற இடம். போத்தனூருக்கு வேறு விதி அமைந்தது. அது ஜங்ஷன் ஆனது. 1873இல் மேட்டுப்பாளையம் பாதை திறந்தது, பிறகு பொள்ளாச்சிப் பாதை வந்தது. டிரைவர், ஃபயர்மேன், கார்டு, பணிமனைக்காரர் என்று ரயில்வே ஊழியர்கள் குடும்பத்தோடு அங்கே குடியேறினார்கள். அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கம்பெனி யோசிக்க வேண்டியிருந்தது. குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம். இவற்றோடு இன்னொன்றும் கட்டினார்கள்: இன்ஸ்டிடியூட்.

ரயில்வே ஊர்களுக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இந்த வார்த்தை புரியாமல் போகலாம். பேருக்கேற்ப அது கல்வி நிலையம் அல்ல. ஊழியர்களின் மன்றம். பெரிய ஹால், அதில் மேடை, ஒரு நூலக அறை, செய்தித்தாள் மேஜை, பில்லியர்ட்ஸ், கேரம், வெளியே டென்னிஸோ பேட்மிண்டனோ ஆட ஒரு தளம். ஊழியர்கள் சந்தா கட்டுவார்கள், நிர்வாகம் ஒரு பங்கு போடும், கமிட்டியைத் தேர்தல் வைத்து உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஜமால்பூரிலிருந்து கரக்பூர் வரை, ஈரோட்டிலிருந்து பொன்மலை வரை, ரயில்வே எங்கே ஊர் கட்டியதோ அங்கெல்லாம் இதுவும் முளைத்தது. போத்தனூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைக் கேட்டால் கிறிஸ்துமஸ் நடனங்களைப் பற்றி இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இதைப் பழைய நல்ல காலம் என்று விற்க நான் வரவில்லை. இன்ஸ்டிடியூட் ஆரம்பத்தில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமானது. கறுப்புத்தோல் கலாசிக்கு அதன் வாசல் வெகு காலம் கழித்துத்தான் திறந்தது, அதிலும் பல ஊர்களில் தனிக் கட்டடமாக. குடித்துவிட்டு வேலைக்கு வராமல் இருக்கக்கூடாது, வெளியாட்களோடு சேர்ந்து அரசியல் பேசக்கூடாது என்கிற கணக்கும் கம்பெனிக்கு இருந்தது. பெண்களுக்கு அங்கே விருந்தாளி இடம்தான். எல்லாம் உண்மை.

ஆனாலும் பொன்மலையைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்த பணிமனை 1928இல் அங்கே வந்தது. குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி, சந்தை, மன்றம், மைதானம் என்று ஒரு நகரமே திட்டம் போட்டுக் கட்டப்பட்டது. தொழிலாளியைக் கட்டுக்குள் வைக்கத்தான் கட்டினார்கள். ஆனால் மாலை நேரமும் கூடுகிற இடமும் கிடைத்த தொழிலாளி, முதலாளி நினைத்ததை மட்டுமே செய்துகொண்டிருக்கவில்லை. சங்கம் கட்டினான், நாடகம் போட்டான், பத்திரிகை படித்தான், வேலைநிறுத்தம் செய்தான். 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே துப்பாக்கிச்சூட்டில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் விழுந்த இடம் சங்கத் திடல். திடல் என்று ஒன்று இருந்தது என்பதைக் கவனியுங்கள். கூடுவதற்கு ஒரு இடம், கூடுவதற்கு ஒரு நேரம்.

விளையாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தின் பய்யோளியிலிருந்து வந்த பி.டி. உஷா தெற்கு ரயில்வே ஊழியராக இருந்தவர். தோனி இந்திய அணிக்கு வருமுன் கரக்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர். ரயில்வேயில் சேர்ந்தால் ஓடலாம், ஆடலாம், அதற்குச் சம்பளமும் விடுப்பும் உண்டு என்பது இந்த நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த வழி. திருப்பூர் உலகத்துக்கே விளையாட்டு உடை தைக்கிற ஊர். இங்கே ஜெர்சி தைத்து அதே ஜெர்சியோடு மைதானத்தில் இறங்கிய ஒரு டெய்லர் பெயரைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

2. குமரனுக்கு ஒரு மாலை இருந்தது

"திருப்பூர் தொழில் ஊருங்க, ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான்" என்று சொல்வார்கள். அதுவும் தப்பு.

1917இல் நகராட்சியான ஊர் இது. பல்லடம், தாராபுரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளைந்த கம்போடியா பருத்தி இங்கே அரவைக்கு வந்து ரயில் ஏறியது. 1920களில் தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் முக்கியக் கேந்திரமாக இருந்தது. கைவிசைப் பின்னல் இயந்திரங்களும் பனியன் பட்டறைகளும் அதற்குப் பின்னால்தான் பெருகின. காதர்பேட்டை என்கிற பெயர் கொண்ட அதே ஊரில்தான் கதர்க் கடைகளும் வாசகசாலைகளும் வாலிபர் சங்கங்களும் இருந்தன.

கொடிகாத்த குமரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பூருக்குப் பிழைக்க வந்து சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். இன்றைய வார்த்தையில் சொன்னால் வெளியூர்த் தொழிலாளி. அவர் போய்ச் சேர்ந்த இடம் தேசபந்து வாலிபர் சங்கம். வேலை முடிந்த இளைஞர்கள் கூடி, படித்து, பேசி, பாடி, அங்கிருந்து தெருவுக்கு இறங்கினார்கள். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தபோது அவருக்கு வயது 27.

அந்த வயதில் இன்றைக்குத் திருப்பூரில் லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். குமரனுக்கு இருந்த ஒன்று அவர்களுக்கு இல்லை. ஒரு மாலை. வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவே, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியில்லாத இரண்டு மூன்று மணி நேரம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலேயே நினைவு மண்டபம் கட்டி, ரோட்டுக்கு அவர் பெயர் வைத்து, சுதந்திர தினத்துக்கு மாலை போடுகிறோம். அவரை உருவாக்கிய சங்கம் மாதிரி ஒன்று இன்று உருவாக வழியே இல்லாமல் ஊரை வடிவமைத்துவிட்டு மாலை போடுகிறோம்.

3. ஒன்றரை ஷிப்ட்

வெளியூர் வாசகர்களுக்காக இந்த ஊரின் நேரக் கணக்கைச் சொல்கிறேன். காலை 8.30க்கு உள்ளே போனால் சாயங்காலம் வரைக்கும் ஒரு ஷிப்ட். அதோடு கிளம்பினால் ஒரு சம்பளம். இரவு 8.30 வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் நள்ளிரவு தாண்டி இரண்டு ஷிப்ட். "இன்னைக்கு ஒண்ணரையா?" என்பது திருப்பூரில் வெயில் எப்படி என்று கேட்கிற மாதிரி சாதாரணக் கேள்வி. பதில் பெரும்பாலும் "ஆமா" தான்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தன. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லது. ஆனால் 8.30இலிருந்து 8.30 வரை எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சட்டமன்றம் திரும்பப் பெற்றதைத் திருப்பூர் பல வருஷங்களாக நடத்திக்கொண்டிருக்கிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். யாரும் சாட்டையோடு நிற்பதில்லை. சிங்கர் டெய்லருக்கும் ஓவர்லாக் டெய்லருக்கும் பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை பீஸோ அத்தனை காசு. ஒரு ஷிப்டில் கிடைக்கிற காசு வாடகைக்கும் அரிசிக்கும் போதாத அளவில் ரேட் இருக்கும். மீதியை நீயே "விரும்பி" உட்கார்ந்து தைத்துக்கொள்ளலாம். ஆர்டர் எடுத்த கம்பெனி தையலை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும், ஜாப் ஒர்க்காரர் கான்ட்ராக்டரிடம் விடுவார், கான்ட்ராக்டர் தன் ஊர்ப் பையன்களைக் கூட்டி வருவார். இந்தச் சங்கிலியில் யாரைப் பிடித்து ஓய்வு கேட்பது? 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது. 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறையும் உணவறையும், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீனும் வேண்டும் என்றது. ஒரே ஆர்டர் நாலு கூரைக்குப் பிரிந்து போகிற ஊரில் இந்த எண்களைத் தொடாமலே தொழில் செய்ய முடியும்.

1984இல் பஞ்சப்படிக்காக இந்த ஊரின் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிற உறவும் பழக்கமும் அன்றைக்கு இருந்தன. சங்க அலுவலகமும் டீக்கடை பெஞ்சும் அதற்குப் பாய் விரித்தன. பிறகு ஏற்றுமதி பெருகியது, வேலை சிதறியது, டீக்கடை பெஞ்சில் உட்கார நேரமில்லாத ஒரு தலைமுறை வந்தது.

நான் செக்கிங் டேபிளில் ஏழு வருஷம் நின்றவள். பிசிர் வெட்டி, ஓட்டை பார்த்து, டேமேஜ் பிரித்துப் போடுகிற வேலை. நான் இருந்த ஒரு கம்பெனியில் மாடியில் ஒரு அறை, கதவில் "ரிக்ரியேஷன் ரூம்" என்று ஆங்கிலப் பலகை. வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிற காலையில் பூட்டைத் திறந்து, கேரம் போர்டைத் துடைத்து, இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். "கண்ணு, அவிய கேட்டா டெய்லி ஆடறோம்னு சொல்லோணும்" என்று சூப்பர்வைசர் அண்ணன் சொல்லிவிட்டுப் போவார். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் பூட்டிவிடுவார்கள். அந்த கேரம் போர்டில் நாங்கள் ஆடியது வருஷத்துக்கு இரண்டு மணி நேரம். வெள்ளைக்காரன் கட்டிய இன்ஸ்டிடியூட்டை வெள்ளைக்காரனுக்குக் காட்டுவதற்காக மட்டும் நாம் கட்டியிருக்கிறோம் என்று பின்னால்தான் எனக்குத் தோன்றியது.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். 8.30க்கு வெளியே வந்தால் அடுத்த ஷிப்ட் அடுப்படியில். சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தடவை, வார்டன் துணையோடு, வேனில் கடைத்தெருவுக்குப் போய் வருவார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் அவர்களின் மூன்று வருஷங்கள் எப்படி அடமானம் வைக்கப்பட்டன என்று நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சம்பளத்தைப் பிடித்து வைத்தது தெரியும். அவர்களின் பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுகளின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடித்து வைத்ததை யாரும் கணக்கெழுதவில்லை.

4. வழக்கமான பதில்கள்

இதையெல்லாம் பேசினால் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

முதல் பதில்: "அவிய சம்பாரிக்க வந்தவிய. ஆடறதுக்கா வந்தாங்க?" தன்பாத் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தபடியே வந்திறங்குகிற பையன் சம்பாதிக்கத்தான் வருகிறான். அவன் வந்தபோது வயது 19. திரும்பிப் போகும்போது 35 ஆகியிருக்கும். ஒரு மனிதனின் இளமை முழுவதும் கழிகிற இடத்தை அவனுடைய "வேலை பார்க்கிற இடம்" என்று மட்டும் சொல்ல முடியுமா? போத்தனூருக்கு வந்த டிரைவரும் சம்பளத்துக்குத்தான் வந்தார்.

இரண்டாவது: "எல்லார் கையிலயும் செல்போன் இருக்குதுங்க, அப்புறம் என்ன?" இருக்கிறது. படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து, ஹெட்போன் மாட்டி, பக்கத்தில் படுத்திருப்பவனின் பெயர் தெரியாமல் ரீல்ஸ் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு என்றால் சிறைச்சாலையிலும் அதைக் கொடுத்துவிடலாம். இன்ஸ்டிடியூட்டின் அர்த்தம் கேரம் போர்டில் இல்லை. எதிரே உட்கார்ந்து ஆடுகிற ஆளில் இருக்கிறது.

மூன்றாவது பதில்தான் இந்த ஊரின் உயிர்நாடி: "முதலாளியே ராத்திரி பத்து மணி வரைக்கும் கம்பெனியிலதான் இருக்காரு. அவரும் ஒரு காலத்துல டெய்லர்தான்." பல பேர் விஷயத்தில் இது உண்மை. தோட்டத்தை விட்டு வந்து, கட்டிங் மாஸ்டராகவோ டெய்லராகவோ தொடங்கி முதலாளியானவர்களின் கதை இந்த ஊரில் நிறைய. ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் 2004இல் திருப்பூரைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் இந்த உழைப்புப் பெருமையைத்தான் மையமாக எடுத்துக்கொண்டது. தன் உழைப்பைச் சொல்லிச் சொல்லியே அடுத்தவன் உழைப்பைக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. முதலாளி பத்து மணி வரை இருப்பது அவருடைய கம்பெனியில். டெய்லர் பத்து மணி வரை இருப்பதும் அவருடைய கம்பெனியில்தான். இந்த வித்தியாசத்தை உழைப்பு என்கிற ஒரே வார்த்தையால் மூடிவிட முடியாது.

நான்காவது: "இப்ப தொழிலே படுத்துக் கெடக்குது." 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது ஊர் ஆடிப்போனது நிஜம். ஆனால் ஆர்டர் குவிந்த வருஷங்களில் கேட்டபோது "இப்ப எங்கீங்க நேரம்" என்றார்கள். படுத்தாலும் இல்லை, எழுந்தாலும் இல்லை என்றால் அது காசுப் பிரச்சினை அல்ல.

ஐந்தாவது: "கோயில் இருக்குது, தியேட்டர் இருக்குது, பார்க் இருக்குது." இருக்கின்றன. புஷ்பா தியேட்டர் ஸ்டாப், யுனிவர்சல் தியேட்டர் ரோடு என்று தியேட்டர்களை வைத்தே இடம் சொல்கிற ஊர்தான் இது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். மாவட்ட மைய நூலகங்கள் இரவு 8 மணிவரை. ஒன்றரை ஷிப்ட் முடிவது 8.30. டாஸ்மாக் இரவு 10 மணிவரை. ஆகவே ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற தொழிலாளிக்காக அரசாங்கம் விளக்கைப் போட்டுக் காத்திருக்கிற ஒரே இடம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிறான் குடிக்கிறான் என்று அவனைத் திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு மணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

5. மனசு வைத்தால் முடியும்

இந்த ஊருக்குக் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் இல்லை என்றபோது பவானியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர ஒரு தனி நிறுவனமே 1995இல் உருவானது. நொய்யலைச் சாகடித்து, ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக் குட்டையாக்கி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுகூட வெளியேறாத சுத்திகரிப்புக்குப் பல நூறு கோடிகளைக் கொட்டத் தெரிந்தது. இரண்டும் வியாபாரம் நடக்கத் தேவைப்பட்டவை என்பார்கள். சரி, "வனத்துக்குள் திருப்பூர்" எதற்கு? 2015இல் தொடங்கி லட்சக்கணக்கில் மரம் வைத்தார்களே, அதில் என்ன லாபம்? ஊர்மேல் இருக்கிற பிரியம். அந்தப் பிரியத்தை நான் மதிக்கிறேன். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கத்து நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எங்கிருந்தோ வலசை வரும் வாத்துக்குத் திருப்பூரில் தங்கி இளைப்பாற அங்கீகரிக்கப்பட்ட இடம் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வண்டிகள் இளைப்பாறப் பல அடுக்குக் கட்டடம் வந்தது. ஒடிசாவிலிருந்து வலசை வந்த ஓவர்லாக் டெய்லர் மட்டும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறான்.

கேட்பது பெரிய விஷயமில்லை. 60 வார்டு கொண்ட மாநகராட்சியில், பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கிற பத்து இடங்களில் பத்து தொழிலாளர் மன்றங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹால், ஒரு மேடை, வெளிச்சம் போட்ட ஒரு ஆடுதளம், தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளப் புத்தகங்களும் பத்திரிகைகளும் வைத்த ஒரு படிப்பறை. இரவு 10.30 வரை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம், பிள்ளைகளை விட ஒரு அறை. கமிட்டியை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆணும் பெண்ணும், உள்ளூரும் வெளியூரும். 40,000 கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு 40 கோடி. வருஷா வருஷம். நூறு ரூபாய் சரக்குக்குப் பத்துப் பைசா. இதை வெளிநாட்டு பையரிடமும் கேட்கலாம். ஆடிட்டுக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவர்களுக்குப் பத்துப் பைசா கூட்டிக் கொடுக்கவும் தெரியட்டும். தமிழ்நாடு தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது. சட்டம் புதிதாக எழுதவேண்டியதுகூட இல்லை, இருப்பதை நிமிர்த்தி வைத்தால் போதும்.

ஆனால் கட்டடம் மட்டும் வந்தால் அதுவும் மாடி அறை கேரம் போர்டாகிவிடும். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிகிற ரேட் வேண்டும். மாலையைத் திருப்பிக் கொடுக்காமல் மன்றத்தைக் கொடுத்தால் அது இன்னொரு நினைவு மண்டபம்தான்.

6. இது இலக்கியத்தின் பிரச்சினையும்தான்

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் "இது தொழிற்சங்கப் பேச்சு, இங்கே எதற்கு" என்று கேட்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

திருப்பூரைப் பற்றித் தமிழில் நல்ல எழுத்து இருக்கிறது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' இந்த ஊரின் நிறம் மாறிய தண்ணீரை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது. வருஷா வருஷம் புத்தகத் திருவிழா நடக்கிறது, கூட்டமும் வருகிறது. ஆனால் ஓவர்லாக் மிஷினிலிருந்து எழுந்து வந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? மும்பையின் கிரண்காவில் மில் தொழிலாளர்களின் சாளுகளுக்கு நடுவே தமாஷாக் கொட்டகைகளும் உடற்பயிற்சி அகாடாக்களும் வாசகசாலைகளும் இருந்தன. அங்கிருந்துதான் அண்ணாபாவு சாத்தேயும் நாராயண் சுர்வேயும் வந்தார்கள். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஒரு பையன் கிரிக்கெட் ஆடிக்கொண்டே ஒரு நகரம் உடைவதைப் பார்த்ததால்தான் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நமக்குக் கிடைத்தது. வறுமை மட்டும் இலக்கியத்தை உண்டாக்குவதில்லை. வறுமையோடு கொஞ்சம் வெட்டிப்பொழுதும் வேண்டும்.

திருப்பூர்த் தொழிலாளியைப் பற்றி நாம் எழுதுகிறோம், அழுகிறோம், விருது வாங்குகிறோம். அவன் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரியாது. எழுதுவதற்கு அவனுக்கு மாலை இல்லை. ஒடியாவிலும் போஜ்புரியிலும் இந்த ஊரைப் பற்றி யாராவது செல்போனில் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பாடிக் காட்ட ஒரு மேடை இல்லை, கேட்க நமக்கும் போகிற இடம் இல்லை. அது இல்லாதவரை திருப்பூரின் கதை பாதிதான் எழுதப்பட்டிருக்கும், அதையும் வெளியே நிற்கிற நாம்தான் எழுதியிருப்போம்.

அடுத்த புத்தகத் திருவிழாவுக்கு நீங்கள் வருவீர்கள். அரங்குகளைச் சுற்றிவிட்டு, எந்த மேடையிலாவது மைக் கிடைத்தால், புத்தகத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கூட்டம் நடக்கிற இந்த நேரத்தில் ஒன்றரை ஷிப்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே வருவது எப்போது? பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.